விஞ்ஞானமும் அளவையாராய்ச்சியும்

பொருளை ஆராயப் புகுவோன், முதற்கண் அப்பொருளை அறிதற்குக் கருவியாகிய அளவையை ஆராய்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட முறை. சிவஞானசித்தியார் சுபக்கம் அளவையிலக்கணத்தை முன்னிறுத்திச் செல்வதும் இம்முறை பற்றியே. இக்காலத்து விஞ்ஞானிகளுட் சிலரோ, "யாங்கள் கண்டதை அளக்கின்றோம், அளந்ததைக் கணக்கிடுகின்றோம். அளவையாராய்ச்சி தத்துவ நூலாரது தொழில். அதனால் எமக்கு ஆவதென்னை?" என வினவுகின்றனர். இவ்வினாவுக்கு வாதத்தால் விடை கூறுவதினும் வரலாற்றால் விடை கூறுதல் தெளிவுடைத்து. ஆதலின், வானநூலறிஞர் ஒருவர் ஒரே வகைக் கருதலை இருமுறை கையாண்டு, ஒருமுறை வென்று ஒருமுறை தோற்ற வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

1781-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்பார் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டறிந்தார். பின்வந்தோர் அதன் செலவை நியூட்டனது ஈர்ப்பு விதி கொண்டு கணித்தனர். கணக்கு ஓரிடத்தைக் காட்டக் கோள் வேறோரிடத்தே நின்றது. பிரெஞ்சு நாட்டு லெவெரியேயும் இங்கிலாந்து நாட்டு ஆடம்ஸும், ஒருவர் செய்கையை மற்றொருவர் அறியாமலே, யுரேனஸுக்கு அப்பால் காணப்படாத கோளொன்று நின்று அதனை ஈர்க்கின்றது எனக் கருதி, அதன் இடத்தைக் கணித்தனர். லெவெரியே தம் முடிபைப் பெர்லின் வானாராய்ச்சி நிலையத்திலிருந்த கால்லே என்பார்க்கு எழுதியனுப்பினார். கடிதம் சேர்ந்த அன்றிரவே, 1846 செப்டம்பர் 23-ஆம் நாள், கால்லே தொலைநோக்கியால் நாடியபோது, குறித்த இடத்தினின்றும் ஒரு பாகைக்குங் குறைந்த தொலைவில் புதிய கோள் புலப்பட்டது. அதுவே நெப்டியூன். மலையிற் புகை கண்டு நெருப்புண்டு என்று கருதியவன், ஏறிச் சென்று அந்நெருப்பைக் கண்ணாலுங் கண்டாற்போல்வதாயிற்று.

1859-ஆம் ஆண்டில் லெவெரியே புதனது செலவை ஆராய்ந்தார். புதன் செல்லும் நீள்வட்டத்தில் ஞாயிற்றுக்கு மிக அண்மையான இடம் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டிருக்கும். ஏனைக் கோள்களின் ஈர்ப்பையெல்லாம் கூட்டிக் கணித்தும், நூறாண்டுக்கு 38 விகலை காரணங் காணாது எஞ்சிற்று. 1882-இல் அமெரிக்க அறிஞர் நியூகம் இதனை 43 விகலை எனத் திருத்தினார். ஒரு பாகையை 3600 கூறு செய்தால் ஒரு கூறே விகலையாம்.

லெவெரியே முன்போலவே கருதினார். ஞாயிற்றுக்கும் புதனுக்கும் இடையே காணப்படாத கோளொன்றாதல் சிறு கோள்களின் கூட்டமாதல் இருத்தல் வேண்டும் என்றார். லெஸ்கார்போ என்னும் நாட்டுப்புற மருத்துவர், ஞாயிற்றின் முகத்தைக் கரும்புள்ளியொன்று கடந்து செல்லத் தாம் கண்டதாக அவருக்கு எழுதினார். லெவெரியே நேரிற் சென்று வினவி அதனை ஏற்றுக்கொண்டார். வல்கன் என்று பெயரும் இடப்பட்டது. அவர் 1877 செப்டம்பர் 23-ஆம் நாள், நெப்டியூன் புலப்பட்டு முப்பத்தோராண்டு நிறைந்த அந்நாளிலேயே, உலகு நீத்தார். மறு ஆண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது அமெரிக்காவில் இருவர் வல்கனைக் கண்டோம் என்றனர். உடன் நோக்கிய பிறர் கண்டிலர். முடிவில், அங்ஙனம் ஒரு கோள் இல்லையென்றே துணியப்பட்டது.

ஒருவரே செய்த ஒரே வகைக் கருதல் ஓரிடத்து மெய்யாகி மற்றோரிடத்துப் பொய்யானது என்னை? கணக்கிற் பிழையின்று, அளவிலும் பிழையின்று. பிழை வியாத்தியிலே கிடந்தது. "செலவிற் பிறழ்ச்சி உளதாயின் ஆங்கு மறைபொருள் ஒன்றன் ஈர்ப்பு உளது" என்பதே இக்கருதலின் வியாத்தி. நியூட்டனது விதி எவ்விடத்தும் சிறிதும் வழுவாது பொருந்தும் எனக் கொண்டாலன்றி அது நில்லாது. அக்கொள்கையோ தொலைநோக்கியாற் கண்டதன்று. காண்பதற்கு முன்னரே உள்ளத்து நின்றது. நெப்டியூனைக் காட்டிய வெற்றி அதனை ஐயுறாவண்ணம் மறைத்தும்விட்டது.

1915 நவம்பர் 18-ஆம் நாள், பெர்லின் அறிஞர் கழகத்தில், ஐன்ஸ்டைன் தமது புதிய ஈர்ப்புக் கொள்கை கொண்டு, மறைபொருள் எதனையும் கற்பியாமலே, எஞ்சிய 43 விகலைக்கும் காரணங் காட்டினார். திருத்தம் வேண்டியது வானத்திலன்று. விதியிலே என்பது விளங்கிற்று.

இவர் இங்ஙனம் அடிப்படையையே வினவத் துணிந்தது எவ்வாறு? 1902 முதல் பெர்ன் நகரிலே, தம் நண்பர் இருவருடன் கூடி, ஹியூம், மாக், புவான்கரே முதலியோரது நூல்களை இவர் பயின்றுவந்தார். நியூட்டன், 1687-இல் வெளிவந்த தமது பெருநூலில், எதனையுஞ் சாராது ஒரு தன்மைத்தாய் ஓடும் காலம் ஒன்று உண்டெனக் கொண்டிருந்தார். அத்தகைய காலத்தை அளந்தறிந்தவர் யார் என மாக் 1883-இல் வினவினார். ஹியூமையும் மாக்கையும் கற்றமை தம் ஆராய்ச்சிக்குத் துணையாயிற்றென ஐன்ஸ்டைனே பிற்காலத்து எழுதினார். 1916-இல் மாக் மறைந்தபோது வரைந்த நினைவுரையில், நெடுநாட் பழகிய கருத்துக்கள் தாம் பிறந்த இடத்தை நாம் மறக்கும்படி அதிகாரம் பெற்றுவிடுகின்றன என்றும், அவற்றை ஆராய்வது வீண்தொழிலன்று என்றும் விளக்கினார்.

அற்றேல், தத்துவ நூலாரும் வழுவினரன்றோ? அம்மாக் என்பாரே, காட்சிக்கு எட்டாமையின் அணுக்கள் உண்மைப் பொருள்களல்ல என்றார். 1908 முதல் பெரின் செய்த சோதனைகள் அணுவின் உண்மையை நாட்டின. முன் மறுத்துவந்த ஆஸ்ட்வால்டும் 1909-இல் உடன்பட்டார் எனின், உண்மையே. காட்சியொன்றே அளவை என்பதும் ஓர் அளவைக் கொள்கையே. அஃது ஆராயப்படாது நின்றவிடத்துக் கேடு செய்தது. ஆதலின் இத்தடை அளவையாராய்ச்சி வேண்டாமென்பதைக் காட்டாது. அதனைக் கண்மூடி ஏலாது ஆராய்ந்தே கொள்ளவேண்டுமென்பதையே காட்டும்.

இன்னும், அளவையாராய்ச்சி மட்டும் புதிய விதியை ஈனுமோ எனின், ஈனாது. 1894-இல் ஹால் என்பார் நியூட்டனது விதியின் எண்ணைச் சிறிது மாற்றிப் புதனைப் பொருத்தப் பார்த்தார், அதுவும் நிலைபெறவில்லை. அவ்வாராய்ச்சியால் வரும் பயன் வேறு. தான் கண்டது எது, கொண்டது எது எனப் பகுத்தறியச் செய்தலும், பிறழ்ச்சி நேர்ந்தவிடத்து இரு வழியையும் திறந்து வைத்தலுமே அப்பயன்.

இது பழங்கதையன்று. விண்மீன் மண்டலங்களின் இயக்கத்துக்குக் காணும் பொருளின் ஈர்ப்பு மட்டும் போதாமையை 1933-இல் ஸ்விக்கியும், 1970-ஆம் ஆண்டுகளில் வேரா ரூபினும் காட்டினர். மறைபொருள் மிகுதியும் உண்டென்பார் பெரும்பாலார். அவர் கொள்கைக்குச் சான்று பலவுள. விதியே திருந்தவேண்டும் என்னும் கொள்கையை மில்குரோம் 1983-இல் வெளியிட்டார். அம்மறைபொருளின் துகளை எந்தக் கருவியும் இன்னும் நேரே பற்றிற்றிலது. இது நெப்டியூனோ வல்கனோ? இவ்வினாவை எதிர்நிற்கும் விஞ்ஞானி, தனக்கு அளவையாராய்ச்சி வேண்டா எனின், அவன் அளவைக் கொள்கை இல்லாதவனல்லன். தன்பால் உள்ளதனை அறியாதவனேயாவன். அறியாது கொண்டதற்கு அடிமையாதலும், அறிந்து கொண்டதனை ஆளுதலும் தம்முள் வேறென்க.