பிரெஞ்சு மொழியின் எதிர்காலமும் ‘கடவேன்’ என்னும் சொல்லும்



ஜிந்துப்பிட்டியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் கண்ணிற்படும். 1886ஆம் ஆண்டிற் கொழும்பின் முதற் பேராயரான பொன்ஜீன் ஆண்டகை பிரான்சு தேசத்தவர். அவர்தம் தாய்மொழி அந்நாளில் எம்மவர்க்குத் தூரத்து மொழி. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் எம்மவர் பலர் பாரிசு நகரிற் குடியேறவே, அது பிழைப்புக்கு வேண்டிய மொழியாயிற்று.

தந்தையாரிடம் பாரிசுக்குச் செல்லவிருந்த மாணவன் ஒருவன் ஒருநாள் என்னிடம், “ஐயா, பிரெஞ்சு எதிர்கால வினைகளிலெல்லாம் ரகரம் வருகின்றதே, ஏன்?” என்று வினவினான். “வாய்பாட்டை மனனஞ் செய்” என்றேன். அது ஆசிரியன் கூறத்தக்க விடையன்று. அன்று கூறாத விடையை இன்று கூறுகின்றேன்.

பிரெஞ்சின் தாய் இலத்தீன். அதில் ‘காந்தாபித்’ என்றால் பாடுவான். ‘காந்தாவித்’ என்றால் பாடினான். காலப்போக்கில் மக்கள் பேச்சில் உயிர்களுக்கிடைப்பட்ட பகர ஒலி வகரமாய்த் தேய்ந்தது. பாடினானா, பாடுவானா என்று பிரித்தறிதல் அரிதாயிற்று. ஆகவே மக்கள் ‘காந்தாரே ஹாபெயோ’ என்னும் வேறொரு தொடரைக் கைக்கொண்டனர். ‘பாடுதலை உடையேன்’ என்பது அதன் சொற்பொருள். ‘பாடக் கடவேன்’ என்பது கருத்து. கடமையைக் குறித்த தொடரே நாளடைவில் ஒரு சொல்லாய் ஒட்டி எதிர்காலத்தைக் குறிக்கலாயிற்று.

842ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி, மாமன்னர் சார்ள்சின் பேரர்களான லூயியும் சார்ள்சும், தமையன் லோத்தாருக்கு எதிராக ஒருவரையொருவர் காப்பதாக ஸ்திராஸ்பூர்க் நகரில் ஆணையிட்டனர். ஜெர்மானியப் பகுதியை ஆண்ட லூயி, தம்பியின் படையினர்க்கு விளங்குமாறு அவர்கள் மொழியிலேயே உரைத்தார். பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்றாகிய அவ்வாணையில் ‘சல்வராய்’, அதாவது ‘காப்பேன்’, என்னும் எதிர்கால வினை காணப்படுகின்றது. வாக்குறுதிக்கு இதனினும் பொருத்தமான வினை யாது?

இவ்வரலாறு தெரிந்தால் வாய்பாடு எளிதாகும். ‘ஃபினீர்’ என்பது முடித்தல். அதனோடு ‘உடையேன்’ எனப் பொருள்படும் ‘ஏ’ சேர, ‘ஃபினிரே’, முடிப்பேன்; ‘உடையாய்’ எனப் பொருள்படும் ‘ஆ’ சேர, ‘ஃபினிரா’, முடிப்பாய். அந்த ரகரம் வினைப்பெயரின் எச்சம். விகுதியோ ‘உடைமை’ வினையின் எச்சம். ‘இரு’, ‘போ’, ‘செய்’ எனப் பொருள்படும் சில வினைகளின் அடி திரியினும் விகுதிகள் திரிவதில்லை. பழைய கடமைப் பொருளும் முற்றாக மறையவில்லை. பத்துக் கட்டளைகள் பிரெஞ்சில் எதிர்கால வினைகளாலேயே கூறப்படுகின்றன.

வழக்கிலோ தமிழ் நமக்குத் துணையாகும். ‘பாடப் போகிறேன்’ என நாம் கூறுவதுபோலவே, அணிமையில் நிகழவிருப்பதைப் ‘போ’ என்னும் வினைகொண்டு பிரெஞ்சரும் கூறுவர். ‘அவன் வரும்பொழுது சொல்வேன்’ என்பதில், ‘வரும்’ எதிர்காலப் பெயரெச்சம். பிரெஞ்சிலும் அவ்விடத்தில் எதிர்கால வினையே வரும். ஆங்கிலத்திலோ நிகழ்காலம் வரும். ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சைப் பயிலும் நம் பிள்ளைகள் இங்கே இடறுகின்றனர். தாய்மொழி இலக்கணம் பிறமொழிக்குத் தடையன்று, வாயிலாகும்.

அம்மாணவன் இப்பொழுது பாரிசில் வாழ்கின்றான். அவனுக்கு நான் பட்ட கடனை இவ்வுரையால் ஒருவாறு தீர்த்தேன்.