பெரும்பாணாற்றுப்படையில் வேட்டை நாய்

சிப்பிப்பாறை நாயே சங்க நூல்களின் ஞமலி எனச் சிலர் துணிவர். நூற்சான்று அதற்கு இடந்தரவில்லை. பெரும்பாணாற்றுப்படையில், நள்ளிரவுப் பன்றி வேட்டை வாய்க்காவிடின் கானவர் பகலில் நாயொடு சென்று புதர்களைக் கலைப்பர். வலைகளைப் பிணைத்து வேலிபோல் மாட்டி முயலை வளைப்பர். ஆண்டு நாயின் தொழில் இரையை எழுப்புதலே, பிடிப்பது வலை. ஒடுங்கிய வயிறும் நெடுங்காலும் உடைய சிப்பிப்பாறையோ வெட்டவெளியில் இரையைக் கண்டு துரத்திப் பற்றுவது. தொழில் வேறாக, இனம் ஒன்றெனல் யாங்ஙனம்? தொல்காப்பிய மரபியலும் நாயின் இளமையைக் குருளை என்றும் பெண்ணைப் பிணவு என்றும் கூறுமேயன்றி இனம் பிரித்துரைக்கவில்லை. எனவே இந்நாயைத் தேர்வோர் பழமை கருதாது அதன் ஓட்டத்தைக் கருதுதல் தகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முயல் வேட்டை இன்று குற்றமாதலின், வேலியிட்ட திடலில் நாள்தோறும் ஓடவிடுதலே அதற்குரிய பேணல், சங்கிலியன்று.