சோதனைப் பதிவேடும் அதனைப் படிப்போரும்: மென்பொருட் சோதனை முகாமைக் கருவிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அரும்பொருளகத்தில் ஒரு பழைய குறிப்பேடு பாதுகாக்கப்பட்டு வருகின்றது. ஹாவாட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் கணனியை இயக்கியோர் 1947 செப்ரெம்பர் 9 ஆந் திகதி, எழுபதாம் இலக்க ரிலேயினுள் சிக்கியிருந்த விட்டிற்பூச்சியொன்றை எடுத்து, அதனை ஏட்டின் பக்கத்திலேயே ஒட்டி, கண்ட நேரத்தையும் இடத்தையும் எழுதிவைத்தனர். கணனிப் பிழையை ஆங்கிலத்திற் 'பூச்சி' என வழங்கும் வழக்கு இந்நிகழ்ச்சியிலிருந்தே பிறந்ததெனப் பலர் எழுதுவர். அது சரியன்று. தோமஸ் எடிசன் 1878 இலேயே தம் கருவிகளின் குறைபாடுகளை அச்சொல்லாற் சுட்டியுள்ளார். வரலாற்று மாணவன் இங்கு நோக்கவேண்டியது பூச்சியையன்று, ஏட்டையேயாம். எப்போது, எவ்விடத்தில், என்ன காணப்பட்டது என்னும் மூன்றும் அப்பக்கத்தில் உள. எழுதியவரும் அதனைப் படிக்கவிருந்தவரும் ஒரே பொறியைச் சூழ்ந்து வேலை செய்தோர்.

இன்று பெருங் கம்பனிகளில் வழங்கும் சோதனை முகாமைக் கருவிகள் இவ்வேட்டின் வழிவந்தவை எனலாம். மென்பொருளொன்றில் எவை பரிசோதிக்கப்படவேண்டும், எவை பரிசோதிக்கப்பட்டன, எவை தேறின, எவை தவறின என்பவற்றைத் திரட்டி வைப்பதே அவற்றின் பணி. ஆயின், அவற்றை நாள்தோறும் கையாளும் பரிசோதகர் பலர் அவற்றைத் தமக்குரிய கருவிகளாகக் கொள்வதில்லை. மேலிடத்துக்குச் செலுத்தவேண்டிய கடமையாகவே கொள்கின்றனர். ஏட்டுக்கும் அதனை எழுதுவோனுக்குமிடையே இவ்விலகல் நேர்ந்த வகை ஆராய்தற்குரியது.

கேம்பிறிச் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணனி 1949 மே மாதத்தில் முதன்முதல் இயங்கியது. அடுத்த மாதமே, தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தாம் எழுதும் செய்நிரல்களிற் பிழை தேடுவதிற் கழியப்போவதைத் தாம் உணர்ந்ததாக அதன் அமைப்பாளர் மொறிஸ் வில்க்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர் அக்காலத்தில் எழுதிய செய்நிரலொன்றின் துளைநாடா அழியாது எஞ்சியது. 126 வரிகளே கொண்ட அதனிற் சுமார் இருபது பிழைகள் இருந்ததை மாட்டின் காம்பெல்-கெலி என்னும் கணனி வரலாற்றாசிரியர் கண்டறிந்தார். எழுதுபவரும் பரிசோதிப்பவரும் ஒருவராகவே இருந்த அந்நாளில், தம் நினைவுக்குத் துணையான குறிப்பே போதியதாயிருந்தது.

1960 களில் இந்நிலை மாறியது. ஐ.பி.எம். தாபனம் தன் சிஸ்டம்/360 கணனிகளுக்கென ஆக்கிய இயங்குமுறை மென்பொருளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உழைத்தனர். அம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய பிரெட் புறூக்ஸ், 1975 இல் வெளியிட்ட நூலில், ஒரு திட்டத்துக்கான காலத்திற் பாதியைச் சோதனைக்கே ஒதுக்கவேண்டுமென வற்புறுத்தினார். செய்நிரல் எழுதுவதற்கு அவர் ஒதுக்கியது ஆறிலொரு பங்கே. ஆயிரம் பேரின் சோதனைகள் ஒருவர் நினைவில் அடங்கா. இதனிடையே, சோதனை என்பது பிழை உண்டென்பதைக் காட்ட வல்லதேயன்றிப் பிழை இல்லையென்பதைக் காட்ட வல்லதன்று என்னும் கருத்தை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969 இல் உரோம் மாநகரில் நடந்த மென்பொருட் பொறியியல் மாநாட்டில் முன்வைத்தார். கிளென்போர்ட் மயர்ஸ் 1979 இல் எழுதிய சோதனைக் கலை பற்றிய நூலும், பிழை காணும் நோக்கோடு செய்நிரலை இயக்குவதே சோதனை என வரையறுத்தது. இவ்விருவர் கூற்றையும் ஏற்றால், 'யாவும் தேறின' என்று மட்டும் கூறும் ஏடு மிகக் குறைந்த செய்தியையே தருவதாகும். பிற்காலத்துக் கருவிகளோ அச்செய்தியையே முகப்பில் நிறுத்தின.

பதிவின் வடிவத்தை முதலில் நிலைநிறுத்தியது கருவியன்று, காகிதமே. அமெரிக்க மின், மின்னணுப் பொறியியலாளர் நிறுவகம் 1983 இல் வெளியிட்ட 829 ஆம் இலக்க நியமம், சோதனைத் திட்டம் முதல் சுருக்க அறிக்கை ஈறாக எட்டு ஆவணங்களை வகுத்தது. இன்ன தரவை இட்டால் இன்ன விளைவு வரவேண்டும் என உரைக்கும் 'சோதனை நேர்வு', சோதனையின்போது நிகழ்ந்தவற்றை வரிசையாகக் குறிக்கும் நாட்பதிவு, எதிர்பாராதவை நிகழின் எழுதப்படும் சம்பவ அறிக்கை ஆகியன அவற்றுட் சில. இந்நியமத்தைக் காகிதப் பெருக்கமெனப் பழித்தோர் பலர். பழிப்பிற் பொருளில்லாமலில்லை. எனினும், பதிவே இல்லாவிடின் நேர்வது யாது என்பதை அதே தசாப்தம் காட்டியது.

கனடிய அணுசக்திக் கம்பனி ஆக்கிய தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறி, 1985 இற்கும் 1987 இற்குமிடையில் ஆறு நோயாளர் மீது அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. மரணங்களும் கடுங்காயங்களும் நேர்ந்தன. விபத்துகளை விரிவாக ஆராய்ந்து நான்சி லெவ்சன், கிளாக் ரேணர் ஆகியோர் 1993 இல் வெளியிட்ட கட்டுரை, மென்பொருளுக்கு முறையான சோதனைத் திட்டமோ போதிய ஆவணமோ இருக்கவில்லை என்பதை எடுத்துக்காட்டிற்று. 2,700 மணி நேரம் பரிசோதிக்கப்பட்டதென உற்பத்தியாளர் சார்பிற் கூறப்பட்டது. வினாவியபோது, அது பொறி பயன்படுத்தப்பட்ட நேரம் என விளக்கம் தரப்பட்டது. பிழை வெளிப்பட்ட விதம் இதனினும் நோக்கத்தக்கது. ரெக்சாஸ் மாநிலத்தின் ரைலர் நகர மருத்துவமனையில் 1986 மார்ச், ஏப்பிரல் மாதங்களில் ஈர் விபத்துகள் நேர்ந்தன. முதல் விபத்தின் பின் வந்த கம்பனியின் பொறியியலாளரால் அதனை மீள நிகழ்த்த முடியவில்லை. இரண்டாவதன் பின், அம்மருத்துவமனையின் பௌதிகவியலாளரும் பொறியை இயக்கிய பெண்ணுமே, தட்டெழுத்துப் பலகையில் அவர் அழுத்திய சாவிகளின் வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தனர். சிகிச்சை விபரத்தைத் தவறாக இட்டு, எட்டு வினாடிக்குள் விரைந்து திருத்தினாற் பிழை தோன்றியது. பழக்கத்தால் விரைவு பெற்ற கைக்கே அப்பிழை புலப்பட்டது. எவ்வெப்படிகளைச் செய்தாற் பிழை மீளத் தோன்றும் என்பதை எழுதுவதற்கென இன்றைய வழு அறிக்கைகளில் ஒதுக்கப்பட்டுள்ள இடத்தின் பெறுமதி இந்நிகழ்ச்சியால் விளங்கும்.

காகித ஆவணங்களைத் தரவுத்தளத்துக்குள் கொணர்ந்த கருவிகளுட் பெருவழக்குப் பெற்றது டெஸ்ட் டிரெக்டர். இஸ்ரேலிற் கால்கொண்டு 1989 இல் தோன்றிய மேர்க்கூரி இன்டர்அக்டிவ் தாபனம் அதனை 1990 களில் வெளியிட்டது. தேவைகள், சோதனை நேர்வுகள், அவற்றை இயக்கிய விளைவுகள், வழுக்கள் ஆகிய நான்கையும் அது ஒன்றோடொன்று தொடுத்து வைத்தது. எத்தேவை எச்சோதனையால் ஆராயப்பட்டது, அச்சோதனை எவ்வழுவை வெளிக்கொணர்ந்தது என்பதை ஓரிடத்திற் பார்க்கலாயிற்று. இது மெய்யான முன்னேற்றமே. பின்னர் குவாலிட்டி சென்டர் எனப் பெயர் மாறிய அது, 2006 இல் தாய்த் தாபனம் ஏறக்குறைய 450 கோடி டொலருக்கு விற்கப்பட்டபோது ஹியூலெட்-பக்கார்ட் கைக்கும், 2017 இல் மைக்ரோ போக்கஸ் கைக்கும், 2023 இல் ஓப்பன்டெக்ஸ்ட் கைக்கும் மாறிற்று.

இக்கருவிக்குத் தேவையை உண்டாக்கியோர் பரிசோதகர் மட்டுமல்லர். அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 1997 இல் மின்னணுப் பதிவுகளுக்கும் மின்னணுக் கையொப்பங்களுக்கும் விதிகளை வகுத்தது. 2002 இற் கம்பனிக் கணக்குகள் பற்றிய சார்பேன்ஸ்-ஒக்ஸ்லிச் சட்டம் வந்தது. யார், எப்போது, எதனை மாற்றினார் என்பதை அழியாது வைத்திருக்கும் ஏடு கணக்காய்வாளருக்கு வேண்டியதாயிற்று. கருவியைத் தெரிவு செய்து பணம் கொடுத்தவர் முகாமையாளர். அதனிடம் சான்று கேட்டவர் கணக்காய்வாளர். அதனுள் நாள் முழுவதும் எழுதியவர் பரிசோதகர். இம்மூவரும் வெவ்வேறாயினமையே பரிசோதகரின் அனுபவத்தை உருவாக்கியது.

அவ்வனுபவத்தின் சிறு விபரங்களும் வரலாற்றுக்கு உதவுவன. ஒவ்வொரு சோதனைப் படிக்கும் செயல், எதிர்பார்த்த விளைவு, கண்ட விளைவு என மூன்று கட்டங்களை நிரப்பவேண்டியிருந்தது. நூறு படிகளை இவ்வாறு திரையில் நிரப்புவதினும் எக்செல் விரிதாளில் எழுதுவது எளிது. ஆகவே பலரும் விரிதாளில் எழுதிப் பின்னர் கருவிக்குள் ஏற்றினர். இவ்வழக்கம் எவ்வளவு பரவலாயிருந்ததென்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை: விரிதாளிலிருந்து ஏற்றுவதற்கான இணைப்பு மென்பொருளை விற்பனையாளரே வழங்கினர். தன் பயனாளர் தன் திரையில் எழுத விரும்பார் என்பதை ஒரு கருவி இதனினும் தெளிவாக ஒப்புக்கொள்ள முடியாது. ஒரே வேளையில் இத்தனை பேரே நுழையலாமென உரிமம் வரையறுக்கப்பட்ட இடங்களில், பரிசோதித்த கணத்திற் பதியாது மாலையில் ஒருசேரப் பதிவதும் இயல்பாயிற்று. அவ்வாறு பதியும்போது 'தேறியது' என்ற சொல் மிஞ்சும். இடையிற் கண்ட சிறு ஐயம், விளங்காத தாமதம், ஒருமுறை மட்டும் தோன்றி மறைந்த செய்தி ஆகியவை ஏட்டுக்கு வரா. மேலும், அக்கருவி நெடுங்காலம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியையே நம்பியிருந்தது. உலகம் வேறு உலாவிகளுக்கு மாறிய பின்னரும், சோதனைப் பதிவுக்காக மட்டும் அப்பழைய உலாவியைத் தம் கணனிகளில் வைத்திருந்த அலுவலகங்கள் பல. மைக்ரோசொப்ட் அதனை 2022 யூனில் ஓய்வுபெறச் செய்தது.

ஏடு எழுதப்படும் இடமும் தூரமாயிற்று. 2000 ஆம் ஆண்டுத் திகதிச் சிக்கல் பெருமளவு திருத்த, சோதனை வேலைகளை இந்தியக் கம்பனிகளுக்குக் கொணர்ந்தது. சென்னையிற் சோதனை தனித் தொழிலாக வளர்ந்தது. இலங்கையிலும் இதன் சாயலைக் காணலாம். மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐ.ரி. தாபனத்தை இலண்டன் பங்குச் சந்தைக் குழுமம் 2009 இல் வாங்கியது, 2011 பெப்ரவரி முதல் இலண்டன் வணிகமே அதன் மென்பொருளில் நடைபெறலாயிற்று. கடல் கடந்த ஒப்பந்தத்தில், செய்த வேலைக்கான சான்று ஏடே. நாளொன்றுக்கு எத்தனை நேர்வுகள் இயக்கப்பட்டன என்ற எண்ணிக்கை உழைப்பின் அளவுகோலாகுமிடத்து, எளிதில் முடியும் நேர்வுகள் பெருகுவதில் வியப்பில்லை.

எதிர்வினைகளும் எழாமலில்லை. ஜேம்ஸ் பாக், ஜொனதன் பாக் சகோதரர் 2000 இல் முன்வைத்த அமர்வுவழிச் சோதனை முகாமை, நேர்வுகளை எண்ணுவதை விடுத்து, ஏறக்குறைய தொண்ணூறு நிமிட அமர்வொன்றில் பரிசோதகர் எதனைத் தேடினார், என்ன கண்டார், எவை தடுத்தன என்பதை வெற்று உரைக்கோப்பில் எழுதச் செய்து, முடிவில் அவரோடு உரையாடவும் வேண்டிற்று. ஹாவாட் ஏட்டின் இயல்பு ஓரளவு இங்கு மீண்டது எனலாம். டெஸ்ட்லிங்க் போன்ற இலவசக் கருவிகளும் டெஸ்ட்ரெயில் போன்ற எளிய வணிகக் கருவிகளும் திரையின் சுமையைக் குறைத்தன. தானியங்கிச் சோதனைகள் மறுபுறம் பெருகின. ஆயினும் ஏடு யாருக்காக என்ற வினா அவற்றாற் தீர்ந்துவிடவில்லை.

பிரித்தானியாவின் ரி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்பிரலில், ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளரின் கணக்குகளைப் புதிய கணனித் தொகுதிக்கு மாற்றியது. பத்தொன்பது இலட்சம் பேர் வரை தம் கணக்குகளை அணுக முடியாது தவித்தனர். புதிய தொகுதி இரு தரவு நிலையங்களில் ஒருங்கே இயங்கவேண்டியது. சுமை தாங்குமா என்பதை அறியும் சோதனையோ அவற்றுள் ஒன்றிலேயே நடத்தப்பட்டிருந்தது. பணிப்பாளர் சபைக்குச் சென்ற அறிக்கைகளில் இக்குறை துலங்கவில்லை. 2022 திசெம்பரில் வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது.

ஏடு சரியாக எழுதப்பட்டும் பயன்படாது போன வரலாறு இதனினும் துயரமானது. பிரித்தானியத் தபால் நிறுவனத்துக்காக புஜிற்சு தாபனம் நடத்திய ஹொறைசன் என்னும் கணக்கு மென்பொருள், 1999 முதல் நாடெங்குமுள்ள தபாற் கந்தோர்களிற் பயன்பட்டது. கணக்கிற் பணம் குறைவதாக அது காட்டியதை நம்பி, களவு, மோசடி, பொய்க் கணக்கு ஆகிய குற்றங்கள் உப தபாலதிபர் மீது சுமத்தப்பட்டன. 900 இற்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிறை சென்றோரும் உளர். அதே காலத்திற் புஜிற்சுவின் உதவிப் பிரிவினர், தாம் கண்ட வழுக்களை 'அறிந்த பிழைப் பதிவேடு' என்னும் தரவுத்தளத்தில் ஒழுங்காக எழுதி வந்தனர். வழு தோன்றும் அறிகுறி, அதன் காரணம், தற்காலிகமாகக் கையாளும் வழி ஆகியவை அதனில் இருந்தன. ஸ்கொட்லாந்தின் கலண்டர் சதுக்கக் கிளையிற் கண்டறியப்பட்ட வழுவொன்று 2000 முதல் 2006 இற் திருத்தப்படும் வரை நீடித்தது. 555 பேர் தொடுத்த வழக்கில், இப்பதிவேட்டைத் தபால் நிறுவனம் இலகுவில் வெளியிடவில்லை. அது நீதிமன்றத்துக்கு வந்த பின்னரே, வழுக்கள் எனச் சுட்டப்பட்ட 29 ஐயும் தனித்தனியே ஆராய முடிந்தது. நீதிபதி பிரேசர் 2019 திசெம்பர் 16 இல் வழங்கிய தீர்ப்பு, மென்பொருளின் வழுக்களாற் கிளைக் கணக்குகளிற் குறைகள் நேர்ந்திருக்கலாமென்பதை ஏற்றது. தண்டனைகளை ஒருமிக்க நீக்கும் சட்டம் 2024 மே மாதத்தில் நிறைவேறிற்று. திரையில் தோன்றிய பற்றாக்குறைக்குக் காரணம் தேடி உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்த உப தபாலதிபர்கள், மறுமுனையில் அப்பதிவேடு இருந்ததை அறியாதவர்களாகவே தம் கைப்பணத்தைப் போட்டுக் கணக்கை நேர்செய்துகொண்டிருந்தனர்.