ஏரி நகரமானது, சேரி ஆக்கிரமிப்பானது

சென்னைக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. 2027 முதல் 2046 வரை எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே நீர்நிலை என்பதை அதுதான் தீர்மானிக்கும். இன்று கல்லூரியில் படிக்கிற தோழர்கள் நாற்பது வயதைத் தொடும்வரை வாழப்போவது அந்த வரைபடத்துக்குள்தான்.

'நீடித்த வளர்ச்சி', 'பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் நகரம்', 'அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி' என்ற சொற்கள் இப்போது எல்லாத் திட்ட ஆவணங்களிலும் இருக்கின்றன. நல்ல சொற்கள்தான். ஆனால் இந்த நகரத்தில் ஆற்றையும் கால்வாயையும் காப்பாற்றுகிறோம் என்று சொன்ன போதெல்லாம் அதற்கு விலை கொடுத்தவர்கள் யார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

ஏரிக்குள் எழுந்த நகர்

மதராஸ் நகரமைப்புச் சட்டம் 1920-இல் வந்தது. அந்தப் பத்தாண்டில் நகரம் திட்டமிட்டு உருவாக்கிய பெரிய குடியிருப்பு தியாகராய நகர். அது எழுந்த இடம் மயிலாப்பூர், மாம்பலம், நுங்கம்பாக்கம் பகுதிகளை ஒட்டிக் கிடந்த நீண்ட ஏரியின் படுகை. ஏரியை வடித்து, மனை பிரித்து, அகலமான தெருக்களும் பூங்காவும் போட்டார்கள். மிஞ்சிய ஏரிப் படுகையில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா', 'டேங்க் பண்ட் ரோடு' என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. ஏரி இல்லை, பெயர் மட்டும் மிச்சம். அங்கே யார் வீட்டுக் கதவிலும் 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்று நோட்டீஸ் ஒட்டப்பட்டதில்லை.

அதே காலத்தில் வடசென்னையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1921-இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பியதை ஒட்டி மோதல் வெடித்தது. புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அந்த மக்களுக்காக எம்.சி. ராஜா குரல் கொடுத்தார். ஆலையை நம்பி நகரத்துக்கு வந்த நம் முன்னோர்களுக்குத் தாழ்வான நிலமும் ஓலைக் குடிசையும்தான் கிடைத்தன. அவர்களுக்காக யாரும் மனை பிரிக்கவில்லை.

கிராமத்தை விட்டு வெளியேறுங்கள், நகரத்துக்குப் போங்கள் என்றார் அண்ணல் அம்பேத்கர். ஊர் வேறு, சேரி வேறு என்ற அமைப்பு நகரத்தில் உடையும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. ஓரளவுக்கு உடையவும் செய்தது. அருகில் வேலை, நடந்து போகும் தூரத்தில் பள்ளி, அரசு மருத்துவமனை, சங்கம் எல்லாம் நகரம் கொடுத்தவை. குடிசை ஒழுகியது உண்மை. ஆனால் அது நகரத்தின் நடுவில் இருந்தது.

1971 தந்த பாதுகாப்பு

1970-இல் தி.மு.க. அரசு குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது. அடுத்த ஆண்டு குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. மக்கள் இருக்கும் இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது என்பதே வாரியத்தின் தொடக்க கால நோக்கம். மெரினா கடற்கரையை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் அப்போது எழுந்த குடியிருப்புகள் அதற்குச் சாட்சி. 1977-க்குப் பிறகு உலக வங்கிக் கடனில் நடந்த திட்டங்களிலும் பல பகுதிகளில் குடிசைகளை அகற்றாமல் சாலை, தண்ணீர், கழிப்பிடம் கொடுத்து மனைக்கு உரிமையும் தரும் முறை பின்பற்றப்பட்டது.

1971 சட்டத்தில் நம் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அரசு ஓர் இடத்தைக் 'குடிசைப் பகுதி' என்று முறைப்படி அறிவித்துவிட்டால், அங்கே குடியிருப்பவரை உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் யாரும் வெளியேற்ற முடியாது. அடிப்படை வசதிகளைக் கேட்கவும் அந்த அறிவிப்பு பிடிமானமாக இருந்தது. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் இப்படி அறிவிக்கப்பட்டன. 1985-இல் இன்னும் 17 சேர்ந்தன. அத்தோடு நின்றுவிட்டது.

அதன் பிறகு நகரம் பல மடங்கு பெருகியது. புதிய குடியிருப்புகள் நூற்றுக்கணக்கில் உருவாயின. ஆனால் அவை எதற்கும் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அறிவிக்கப்படாத இடம் அரசுக் கோப்பில் 'ஆட்சேபகரமான புறம்போக்கு' ஆனது. அங்கே முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து, ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் வைத்திருந்தவர் 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார். சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை, பயன்படுத்துவதைத்தான் நிறுத்தினார்கள்.

ஆற்றங்கரையிலிருந்து சதுப்பு நிலத்துக்கு

2000-ஆம் ஆண்டு முதல் திசை முழுதாக மாறியது. பழைய மகாபலிபுரம் சாலையோரம் கண்ணகி நகர் எழுந்தது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடியைக்கூடத் தாண்டாதவை. 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கும் மேல். பிறகு ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டப் பணத்தில் பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகள், 20,000-க்கும் மேல். கூவம் கரை, அடையாற்றுக் கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை என்று நகரத்தின் நடுவிலிருந்து மக்களை லாரிகளில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த வெளியேற்றம் வேகம் பிடித்தது. காரணமாகச் சொல்லப்பட்டவை இரண்டு: ஆற்றை மீட்க வேண்டும், மக்களை வெள்ளத்திலிருந்து காக்க வேண்டும்.

ஆற்றில் வெள்ளம் வரும், அதை மறுக்க முடியாது. கரையோரத்தில் குழந்தைகளோடு படுத்திருப்பவருக்கு அது அதிகாரியைவிட நன்றாகத் தெரியும். ஆனால் கொண்டுபோய் விட்ட இடம் எது? செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் தாழ்வான பகுதிகள். 2015-இல் அங்கேயும் வெள்ளம் புகுந்தது. 2023 மிக்ஜாம் புயலிலும் பெரும்பாக்கம் தண்ணீரில் நின்றது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளம் தேங்கும் இடத்தில் குடிவைத்துவிட்டு, அதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைத்தார்கள்.

இதே நீர்நிலைகளில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயில் நிற்கின்றன. சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே போகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் உண்டு, மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு உண்டு. ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த அந்தச் சதுப்பு நிலத்தில் மிஞ்சியது சிறு பகுதிதான். 2022-இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் சதுப்பு நிலத்தைத் தின்றது குடிசைகள் அல்ல.

ஆக, ஏரியில் அரசோ பணமோ கட்டினால் அதற்கு வளர்ச்சி என்று பெயர். ஆற்றங்கரையில் கூலித் தொழிலாளி குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு என்று பெயர். தண்ணீர் ஒன்றுதான், யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது.

இந்த மாற்றத்தில் இழந்தது என்ன? வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் பேருந்துப் பயணம். பலருக்கு வேலையே போயிற்று. பள்ளி ஆண்டின் நடுவில் வெளியேற்றியதால் படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. கண்ணகி நகர் முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று வேறு முகவரி கொடுக்கும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய கிராம அமைப்பை, நகரத்தின் அளவுக்குப் பெரிதாக்கி, அரசே கான்கிரீட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறது. பின்னாளில் அந்தச் சுவர்களில் அழகான ஓவியங்கள் வரையப்பட்டன. பேருந்தின் தூரம் அப்படியேதான் இருக்கிறது.

முடியும் என்பதற்கு ஒரு சாட்சி

நகரத்துக்குள் நிலமே இல்லை என்பதுதான் வழக்கமான பதில். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை நீதிமன்ற ஆணைப்படி இடித்தபோது ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். அதன் பிறகு, அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகில் இடம் தர முடியும் என்று அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. ஆனால் அந்த வாக்கைப் பெற ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021-லேயே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. பெயரில் உள்ள 'வாழ்விடம்' கொள்கையிலும் வர வேண்டும்.

விரியும் எல்லையும் பஞ்சமி நிலமும்

மூன்றாவது திட்டத்தில் நாம் மிகவும் கவனிக்க வேண்டியது எல்லை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் நூற்றுக்கணக்கான கிராமங்கள் உள்ளே வந்துவிட்டன.

செங்கல்பட்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வர வேண்டியவர் அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர். பறையர் மக்களின் நிலையைப் பற்றி அவர் கொடுத்த அறிக்கையின் விளைவாகத்தான் 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் கைமாறிய கதை தனியே எழுத வேண்டியது. 1994-இல் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

இப்போது அதே மண்ணில் நில வகைப்பாடு எழுதப்படப் போகிறது. விவசாய நிலம் குடியிருப்பாகவும் தொழில் பகுதியாகவும் மாறும்போது விலை பல மடங்கு ஏறும். பஞ்சமி நிலம் எது என்று வரைபடத்தில் குறிக்காமல் வண்ணம் பூசிவிட்டால், நூற்றாண்டு காலத் திருட்டுக்குத் திட்டமே பட்டா கொடுத்ததாகிவிடும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். 1985-இல் நின்றுபோன குடிசைப் பகுதி அறிவிப்பை மீண்டும் தொடங்க வேண்டும். நீர்நிலை ஆக்கிரமிப்புப் பட்டியலில் அரசுக் கட்டடங்களும் பெருநிறுவனங்களும் இடம்பெற வேண்டும். கரையிலிருந்து மாற்றியே ஆக வேண்டும் என்றால், அதே வட்டாரத்தில் வீடு தர நிலத்தை இந்தத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். பஞ்சமி நிலங்களைச் சர்வே எண்ணோடு வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

வரைவுத் திட்டம் வெளியாகும்போது ஆட்சேபணையும் கருத்தும் எழுத்தில் கொடுக்கச் சட்டம் எல்லோருக்கும் உரிமை தருகிறது. அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவுகளையும் இப்போதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் தெரு 1971 பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களிடம் பழைய வரி ரசீதுகளும் அட்டைகளும் இருந்தால் நகல் எடுத்து வையுங்கள். வரைபடம் கையெழுத்தாவதற்கு முன் கொடுக்கும் ஒரு மனு, புல்டோசர் வந்த பிறகு உட்காரும் மறியலைவிட வலுவானது.

ஜெய்பீம்!