வயர்ப் பாதையமைப்பும் வரைபட ஒழுங்கும்

வரைகலை நிரலாக்கக் கருவிகளில் பிளாக்குகளை இணைக்கும் வயர்களுக்குக் கணினியே வழி கண்டு வரைவது தானியங்கி வயர்ப் பாதையமைப்பு. பிளாக்குகளையும் நகர்த்தி முழுப் படத்தையும் சீராக்குவது வரைபட ஒழுங்குபடுத்தல். முதலாவது கோட்டை மட்டும் தொடும். இரண்டாவது வரைந்தவர் வைத்த இடங்களையே மாற்றிவிடும். லேப்வியூ, சிமுலிங்க், சைலேபின் எக்ஸ்காஸ் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் இவ்விரண்டையும் அடிக்கடி ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். படம் கெடுவதற்கு முக்கியக் காரணம் அந்தக் குழப்பமே.

தமிழ்நாட்டில் இதைப் பெரும்பாலோர் முதலில் சந்திப்பது பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில். எடுத்துக்காட்டாக, திருத்தணியில் சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் உள்ள ஜி.ஆர்.டி. கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பு பெற்றது. அப்பல்கலைக்கழகத்தின் ட்ரிபிள்-ஈ பாடத்திட்டத்தில், பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் கன்வெர்ட்டர் சுற்றுகளைக் கணினியில் சிமுலேஷன் செய்யும் பயிற்சி இடம்பெற்றுவருகிறது. அவற்றுள் மூன்று ஃபேஸ் முழு கன்வெர்ட்டரை எடுத்துக்கொண்டால், வயர்ச் சிக்கல் எங்கிருந்து பிறக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

இந்தக் கன்வெர்ட்டரில் 6 தைரிஸ்டர்கள். சிமுலிங்கில் ஒரு தைரிஸ்டர் பிளாக்குக்கு ஆனோடு, கேத்தோடு, கேட், அளவீடு என 4 முனைகள் உண்டு. ஆகவே தைரிஸ்டர்களுக்கு மட்டும் 24 முனைகள். கேட்டுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக 60 பாகை இடைவெளியில் துடிப்பு வரவேண்டும். மாணவர் துடிப்பு பிளாக்குகளை 1 முதல் 6 வரை மேலிருந்து கீழாக அடுக்குகிறார். தைரிஸ்டர்களோ பாடநூல் வழக்கப்படி மேல்வரிசையில் 1, 3, 5 என்றும் கீழ்வரிசையில் 4, 6, 2 என்றும் நிற்கும். இந்த ஆறையும் 1, 3, 5, 4, 6, 2 என்று ஒரே நெடுவரிசையாகக் கொண்டு எதிரெதிரே இணைத்தால், எவ்வளவு திறமையாக வரைந்தாலும் குறைந்தது 5 இடங்களில் வயர்கள் குறுக்கிடும். கோட்டை வளைத்து இதைத் தீர்க்க முடியாது. துடிப்பு பிளாக்குகளையும் 1, 3, 5, 4, 6, 2 என்று மாற்றி அடுக்கினால் குறுக்கீடு ஒன்றுகூட இராது. பாதையமைப்புக்கும் ஒழுங்குபடுத்தலுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

பின்னணி

படம் வரைந்தே நிரல் எழுதும் முயற்சி பழையது. 1966-இல் எம்.ஐ.டி.யில் பெர்ட் சதர்லண்ட் தமது முனைவர் ஆய்வுக்காக அத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினார். அதைத் தொழிற்கூடங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் பரவலாகக் கொண்டுசென்றது, அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1986-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளியிட்ட லேப்வியூ. அதில் வயரின் நிறமே தரவின் வகையைச் சொல்லும்: தசம எண்ணுக்கு ஆரஞ்சு, முழு எண்ணுக்கு நீலம், சரி–தவறு மதிப்புக்குப் பச்சை, எழுத்துச் சரத்துக்கு இளஞ்சிவப்பு. ஆகவே வயர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அழகு மட்டுமல்ல, தகவலும் மறைகிறது.

பாதை தேடும் முறை

ஒற்றை வயருக்கு வழி காணும் கணக்கு நிரலாக்கக் கருவிகளுக்காகப் பிறந்ததன்று. மின்சுற்றுப் பலகைகளில் செப்புத் தடம் பதிப்பது போன்ற வேலைகளுக்கு உதவியது, பெல் ஆய்வகத்தின் சி. ஒய். லீ 1961-இல் வெளியிட்ட முறை. தளத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, தொடக்கக் கட்டத்தின் அண்டைக் கட்டங்களுக்கு 1, அவற்றின் அண்டைகளுக்கு 2 என்று எண்ணிட்டுக்கொண்டே போக வேண்டும். தடையுள்ள கட்டங்களுக்கு எண் கிடையாது. எண் இலக்கைத் தொட்டதும், அங்கிருந்து இறங்குவரிசையில் திரும்பி வந்தால் மிகக் குறுகிய பாதை கிடைத்துவிடும். பாதை இருந்தால் இம்முறை அதை நிச்சயம் கண்டுபிடிக்கும். ஆனால் நினைவகத்தையும் நேரத்தையும் தின்னும். கட்டங்களை விட்டுவிட்டு நேர்கோடுகளை நீட்டித் தேடும் ஹைடவரின் முறை 1969-இல் வந்தது. குறுகிய பாதையே நல்ல பாதை என்றும் சொல்வதற்கில்லை. படிப்பவர் கண்ணுக்கு, சற்று நீண்டாலும் குறைவாகத் திரும்பும் வயரே எளிது. அதனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் தண்டனைப் புள்ளி சேர்த்துக் கணக்கிடும் முறைகள் உண்டு.

முழுப் படத்தையும் அடுக்குவது கடினமான கணக்கு. இதற்கு அடிப்படை, 1981-இல் ஜப்பானியர்களான சுகியாமா, தகாவா, டோடா வெளியிட்ட அடுக்குமுறை. முதலில் பின்னூட்டச் சுழல்களைத் தற்காலிகமாகத் திருப்பி, எல்லா வயர்களும் ஒரே திசையில் போகும்படி செய்ய வேண்டும். அடுத்து பிளாக்குகளை நெடுவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்குள்ளும் குறுக்கீடு குறையுமாறு இடம் மாற்ற வேண்டும். கடைசியில்தான் துல்லியமான இடம் குறிக்கப்படும். குறுக்கீடுகளை மிகக் குறைவாக்கும் கணக்கு, விரைவாகத் தீர்க்கும் வழி அறியப்படாத என்.பி.-முழுமை வகையைச் சேர்ந்தது என்று கேரியும் ஜான்சனும் 1983-இல் நிறுவினர். ஆகவே கருவிகள் தோராயமான உத்திகளையே நம்புகின்றன. பிளாக்கின் முனைகளுக்கு இடம் நிலையாக இருப்பது இன்னொரு கட்டுப்பாடு. வயர் வழியே தரவு பாயும் தரவோட்டப் படங்களுக்கான இந்தச் சிக்கலில் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகக் குழு ஆழமாக உழைத்திருக்கிறது.

இந்த அடுக்குமுறை வயருக்குத் திசை உண்டு என்று எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன கன்வெர்ட்டரின் மின்சாரக் கோடுகளுக்கு உள்ளீடு, வெளியீடு என்ற பிரிவே கிடையாது. அத்தகைய படத்தில் இடமிருந்து வலம் என்ற விதி துடிப்பு வயர்களுக்குப் பொருந்தும், ஆறு தைரிஸ்டர்கள் சேர்ந்த பிரிட்ஜுக்குப் பொருந்தாது.

கோடுகள் குறுக்கிடுவதைத் தமிழர் குறையாகக் கண்டதில்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. சிக்குக் கோலத்தில் குறுக்கீடுதான் அழகு. அந்தக் கோலங்களை இலக்கண விதிகளாக எழுத முடியும் என்று 1974-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து காட்டினர். நிரல் படத்துக்கு அந்த நியாயம் செல்லாது. ஹெலன் பர்சேஸ் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், வரைபடத்தைப் புரிந்துகொள்வதை மிக அதிகமாகப் பாதித்தது கோடுகளின் குறுக்கீடே.

பயனும் இழப்பும்

1996-இல் கிரீன், பெட்ரி இருவரும் வெளியிட்ட ஆய்வு, பாதையமைப்பு, ஒழுங்குபடுத்தல் வசதிகள் எவ்வளவு தேவையானவை என்பதை அழுத்தமாகக் காட்டியது. ஒரே மாற்றத்தைச் செய்ய, பேசிக் மொழியில் ஆன நேரத்தைப்போல் சுமார் 8 மடங்கு லேப்வியூவில் ஆனது. பெட்டிகளை நகர்த்துவதும் வயர்களை மறுபடி இழுப்பதும் நேரத்தை விழுங்கின. பின்னாளில் லேப்வியூவில் வயர் இழுக்கும்போதே தானாகப் பாதை அமையும் வசதி இயல்பாக்கப்பட்டது. இழுக்கும் நேரத்தில் ‘ஏ’ விசையை அழுத்தி அதை நிறுத்தலாம். 2008-இல் வந்த 8.6 பதிப்பில் ஒரே கட்டளையில் முழுப் படத்தையும் சீராக்கும் வசதி சேர்ந்தது. கன்ட்ரோல்-யூ அழுத்தினால் போதும்.

லேப்வியூ தரவோட்ட முறையில் இயங்குவதால் பிளாக்கை எங்கே நகர்த்தினாலும் விடை மாறாது. எல்லாக் கருவிகளுக்கும் இது பொருந்தாது. இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் மேக்ஸில் ஒரே முனையிலிருந்து பல பிளாக்குகளுக்குச் செல்லும் செய்திகள் வலமிருந்து இடமாகப் போகும். எது வலப்பக்கம் என்பதைத் திரையில் பிளாக் இருக்கும் இடமே முடிவு செய்கிறது. அங்கே அழகுக்காக ஒன்றை நகர்த்தினால் நிரலே மாறிவிடக்கூடும்.

விடை மாறாத கருவியிலும் இழப்பு உண்டு. சேர்ந்து இயங்குபவற்றை அருகருகே வைப்பது, மூன்று ஃபேஸ்களை ஒரே அச்சில் நிறுத்துவது ஆகியவை வரைந்தவர் படிப்பவருக்குச் சொல்லும் செய்திகள். கணினிக்கு அவை தெரியாது. பாடநூலில் பார்த்த பிரிட்ஜின் வடிவம் கலைந்துவிட்டால், வயர்கள் எவ்வளவு நேராக இருந்தாலும் அது கன்வெர்ட்டர் என்று பார்த்தவுடன் தெரியாது. எனவே தனி வயரைச் சீராக்கும் வசதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். முழுப் படத்தைச் சீராக்கும் கட்டளையை, வடிவத்துக்குப் பொருள் இல்லாத படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அடிக்கடி அந்தக் கட்டளை தேவைப்படுகிறது என்றால் படம் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது என்று பொருள். ஆறு துடிப்பு பிளாக்குகளையும் ஒரு சப்சிஸ்டத்துக்குள் அடக்கி, ஒரே வயரை வெளியே கொண்டுவருவதே அதற்குச் சரியான மருந்து.

ரெக்கார்டு நோட்டுக்குப் படம் எடுக்கும் அவசரத்தில் முழு ஒழுங்குக் கட்டளையை அழுத்தும் மாணவர்கள், அதற்கு முன் கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். வந்த வடிவம் பிடிக்காவிட்டால் கன்ட்ரோல்-இசட் பழைய இடங்களைத் திருப்பித் தரும். கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் அது உதவாது.