தள்ளுவண்டி ராமென் வீட்டுக்கு வந்த கதை

கடையில் வாங்கி உண்ட பண்டம் ஒன்றை வீட்டில் செய்து பார்க்க நீங்கள் என்றாவது முயன்றதுண்டா? பொருள்கள் எல்லாம் சரியாக இருக்கும். அளவும் சரியாக இருக்கும். ஆனாலும், "கடையில் சாப்பிட்ட ருசி வரவில்லையே!" என்று வீட்டில் யாரேனும் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். குறை உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை. கடைக்காரரிடம் விடியற்காலையிலிருந்து கொதிக்கும் அண்டா இருக்கிறது. பெரிய அடுப்பு இருக்கிறது. அந்த ஒரே பண்டத்தைச் செய்ய நாள் முழுவதும் இருக்கிறது. வீட்டில் இவை ஒன்றும் இல்லை. அந்தக் குறையை ஒரு மனிதர் விஞ்ஞானத்தின் துணைகொண்டு எவ்வாறு நிரப்பினார் என்பதை இப்போது காண்போம்.

இரவில் கேட்ட குழலோசை

ஜப்பானியர் விரும்பி உண்ணும் 'ராமென்' என்பது கோதுமை நூடுல்ஸைச் சூடான சாற்றில் இட்டுத் தரும் உணவு. யோக்கொஹாமா போன்ற துறைமுக நகரங்களில் குடியேறிய சீனர்களின் உணவாக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஜப்பானுக்கு அறிமுகமாயிற்று. 1910-ஆம் ஆண்டில் டோக்கியோவின் அசாக்குசா பகுதியில் 'ராய்ராய்க்கென்' என்னும் கடை திறக்கப்பட்டபின், சாதாரண மக்களும் அதை நாடினர். இரவு வேளைகளில் தள்ளுவண்டிக்காரர்கள் 'சருமேரா' என்ற குழலை ஊதிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள்.

இந்த உணவை வீட்டில் செய்வது எளிதன்று. எலும்புகளைப் பல மணி நேரம் கொதிக்கவைத்தால்தான் சாறு இறங்கும். மாவைப் பிசையும் நீரில் நம் அப்பளக் காரத்தை ஒத்த கார உப்புகளைச் சேர்க்கவேண்டும். அந்தக் காரம் பட்டவுடன், கோதுமை மாவில் நிறமின்றி இருந்த சில பொருள்கள் மஞ்சள் நிறம் பெறுகின்றன. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி நீர் சிவப்பது நீங்கள் அறிந்ததுதானே? இதுவும் அத்தகைய மாற்றமே. நூடுல்ஸின் உறுதிக்கும் அந்தக் காரமே காரணம்.

நீண்ட வரிசை

1945-இல் போரில் ஜப்பான் தோற்றது. நகரங்கள் சாம்பலாகிக் கிடந்தன. அவ்வாண்டு நெல் விளைச்சலும் படுமோசமாக இருந்தது. பங்கீட்டு அரிசி போதாமல் மக்கள் கள்ளச் சந்தையை நாடினர். ஒசாகா நகரில் உமேடா ரயில் நிலையத்தின் அருகே, ஒரு கிண்ணம் ராமெனுக்காகக் குளிரில் நடுங்கியபடி நீண்ட வரிசையில் நின்ற மக்களை ஒருவர் கண்டார். அவர் பெயர் மோமோஃபுக்கு ஆண்டோ. ஜப்பானியர் ஆட்சியில் இருந்த தைவானில் 1910-இல் பிறந்தவர்.

அப்போது அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்துகொண்டிருந்தது. அரசு அதை ரொட்டியாக உண்ணும்படி மக்களைத் தூண்டியது. கிழக்கு நாட்டினருக்குப் பழக்கமான நூடுல்ஸாக அதை ஏன் தரக்கூடாது என்று ஆண்டோ எண்ணினார். எனினும், அந்த எண்ணம் செயலாவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

கொல்லைப்புறக் கொட்டகை

1957-இல் அவர் தலைவராக இருந்த கடன் சங்கம் ஒன்று நொடித்துப்போயிற்று. அவருக்கு வயது 47. கையில் இருந்த பொருளெல்லாம் போய், இக்கெடா என்னும் ஊரில் இருந்த வீடு மட்டுமே மிஞ்சியது. அதன் கொல்லையில் ஒரு சிறு கொட்டகையைப் போட்டுக்கொண்டார். பழைய நூடுல்ஸ் இயந்திரம் ஒன்றை வாங்கினார். ஐந்து குறிக்கோள்களை வகுத்துக்கொண்டார்: உணவு சுவையாக இருக்கவேண்டும், நெடுநாள் கெடாமல் இருக்கவேண்டும், வெந்நீர் ஊற்றிய சில நிமிடங்களில் ஆயத்தமாகவேண்டும், விலை குறைவாக இருக்கவேண்டும், உடலுக்குத் தீங்கு செய்யக்கூடாது.

இவற்றுள் கடினமானது எது தெரியுமா? உலர்த்துவதுதான். உலர்ந்த நூடுல்ஸ் நெடுநாள் கெடாது. ஆனால் மீண்டும் வேக நேரமாகும். ஏறத்தாழ ஓராண்டுக்காலம் ஆண்டோ தோற்றுத் தோற்று முயன்றார். ஒருநாள் மனைவி மசாக்கோ, மாவில் தோய்த்த காய்களை எண்ணெயில் இட்டு 'டெம்புரா' பொரிப்பதைப் பார்த்தபோது வழி புலப்பட்டது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

எண்ணெய் செய்த வேலை

நம் வீட்டில் வடை பொரியும்போது எண்ணெயில் 'சளசள' என்று குமிழிகள் எழுகின்றன அல்லவா? அவை எண்ணெய்க் குமிழிகள் அல்ல. மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் குமிழிகள். ஆவியில் வெந்த நூடுல்ஸை ஏறக்குறைய 150 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள எண்ணெயில் ஓரிரு நிமிடம் இட்டால், நீர் விரைந்து வெளியேறுகிறது. எஞ்சுவது நூற்றுக்கு 5 பங்குக்கும் குறைவான ஈரமே. இவ்வளவு குறைந்த ஈரத்தில் கிருமிகள் பெருக இயலாது. நீர் வெளியேறிய வழிகளெல்லாம் நுண்ணிய துளைகளாக நின்றுவிடுகின்றன. வெந்நீர் ஊற்றினால் அது அத்துளைகள் வழியே உள்ளே பாய்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாவுப்பொருள் ஏற்கெனவே ஆவியில் வெந்துவிட்டது. வெந்த சோறு ஆறினால் மறுநாள் விறைத்துப் போகிறது. ஆனால் வெந்த நிலையிலேயே விரைவாக உலர்த்திவிட்டால் மாவுப்பொருள் அவ்வாறு விறைப்பதில்லை. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துச் செய்த நம் அவல், நீர் பட்டதும் மெத்தென்று ஆகிவிடுவதும் இதே தத்துவத்தால்தான்.

சீனாவில் நூடுல்ஸைப் பொரித்து வைக்கும் வழக்கம் முன்பே உண்டு. தைவானிலிருந்து வந்த வேறொருவரும் இதே காலத்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவ்வுரிமையை ஆண்டோவின் நிறுவனம் பின்னர் விலைக்கு வாங்கிற்று. ஆகவே, கண்டுபிடிப்பு என்பது ஒருவர் தலையில் மட்டும் உதிப்பதன்று என்பதை நாம் மறக்கலாகாது. ஆனால் கோழிச் சாற்றின் சுவையையும் நூடுல்ஸிலேயே ஏற்றி, தொழிற்சாலையில் செய்து, வீடுகளுக்குக் கொண்டு சேர்த்த பெருமை ஆண்டோவுக்கு உரியது. 1958 ஆகஸ்டு 25-ஆம் நாள் 'சிக்கன் ராமென்' விற்பனைக்கு வந்தது.

அதன் விலை 35 யென். பச்சை 'உடோன்' நூடுல்ஸ் ஓர் உருண்டை 6 யென்னுக்குக் கிடைத்த காலம் அது! மொத்த வியாபாரிகள் தயங்கினார்கள். ஆனால் உண்டு பார்த்தவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். உற்பத்தி பெருகியது, பசித்தவர்களுக்காகப் பிறந்து ஆடம்பரப் பண்டமாகத் தோன்றிய உணவு நாளடைவில் ஏழையின் உணவாயிற்று.

மீண்டும் தெருவுக்கு

1966-இல் ஆண்டோ அமெரிக்கா சென்றார். அங்கே அங்காடி அதிகாரிகளிடம் கிண்ணம் இல்லை. அவர்கள் நூடுல்ஸை உடைத்துக் காகிதக் கோப்பையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, முள்கரண்டியால் உண்டார்கள். அந்தக் காட்சியிலிருந்து பிறந்ததே 1971-இல் வெளிவந்த 'கப் நூடுல்ஸ்'. கோப்பையின் அடியில் இடம் விட்டு, நடுவில் தொங்குமாறு நூடுல்ஸ் கட்டியை அமைத்தனர். அதனால் அது உடையாமல் இருந்தது, வெந்நீரும் எல்லாப் பக்கமும் சூழ்ந்தது. தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த உணவு, இப்போது வீட்டிலிருந்து மீண்டும் தெருவுக்கே போயிற்று! 1972 பிப்ரவரியில், ஆசாமா மலைப் பகுதியில் ஆயுதம் ஏந்திய தீவிரவாதிகளைச் சுற்றி வளைத்த போலீசார், உறையும் குளிரில் அதை ஆவி பறக்க உண்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

நாம் எண்ண வேண்டியது

2007-இல் தமது 96-ஆம் வயதில் ஆண்டோ காலமானார். இன்று உலகில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் உண்ணப்படுகின்றன. இந்தியாவிலும் 1980-களிலிருந்து நம் பிள்ளைகள் அதை அறிவார்கள்.

ஆனால் ஐந்தாவது குறிக்கோளை நினைவிருக்கிறதா? உடலுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பது. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில வகைகளில் ஒரே பொட்டலத்தில் 4, 5 கிராம் உப்பு உள்ளது. எண்ணெயும் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை இருக்கும், காய்கறியோ பெயரளவுக்கே. பசித்த வரிசைக்கு ஏற்ற உணவு, அன்றாட உணவுக்கு ஏற்றதாகிவிடாது.

ஆகவே வீட்டில் இதைச் செய்யும்போது பொடியைப் பாதி மட்டும் போடுங்கள். பீன்ஸ், காரட், கீரை, ஒரு முட்டை சேருங்கள். போடுவதற்கு முன் ஒரு துண்டை உடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதன் முறிந்த முனையைப் பாருங்கள். அந்தச் சின்னஞ்சிறு துளைகள் தெரியும். ஒரு கொல்லைப்புறக் கொட்டகையில், எல்லாம் இழந்த மனிதர் ஒருவர் ஓராண்டுக்காலம் தேடியது அவற்றைத்தான்.