சிலந்தியின் கடந்தகாலம்

1661ல் பிரெஞ்சு நிதி மந்திரி ஃபூக்கே வீழ்ந்தபோது அவருடைய காரியதரிசியும் எழுத்தாளருமான பெலிஸோனும் கைதானார். 1666 வரை பாஸ்டில் சிறையில் இருந்தார். அங்கே அவர் ஒரு சிலந்தியைப் பழக்கியதாகக் கதை. வலையோரம் ஈ வைப்பார். உடனிருந்தவன் துருத்திக்குழல் ஊதுவான். நாளடைவில் குழலோசைக்கே சிலந்தி இறங்கி வந்தது. ஒரு நாள் சிறை அதிகாரி அதை நசுக்கிவிட்டான்.

கதை சொல்கிறவர்களுக்குக் கைதியின் தனிமை முக்கியம், அதிகாரியின் கொடூரம் முக்கியம். சிலந்திக்கு அதில் ஒரு பாத்திரம் கிடைக்கிறது, மனம் கிடைப்பதில்லை. அதனிடம் இருப்பதாகச் சொல்லப்படும் நட்பு பெலிஸோனுடையது.

விலங்கைக் கடிகாரத்துக்கு ஒப்பிட்டு டெகார்ட் 1637லேயே எழுதிவிட்டார். அவருடைய சீடன் ஒருவன் பாஸ்டிலுக்குப் போயிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டான். அதிர்வை நோக்கி ஓடுவது சிலந்தியின் பிழைப்பு. 1880ல் பாய்ஸ் என்ற ஆங்கிலேய பௌதிக விஞ்ஞானி, அதிரும் இசைக்கவையால் தோட்டச் சிலந்தி ஒன்றின் வலையைத் தொட்டார். சிலந்தி ஓடிவந்து கவையைப் பற்றிக்கொண்டது. நட்புக்கு இங்கே இடமேயில்லை.

ஆனால் கவையை வலையில் படாமல் அருகே பிடித்தால் சிலந்தி பயந்து நூலில் தொங்கிக் கீழே விழும். அமெரிக்காவில் ஜார்ஜ் பெக்கம், எலிஸபெத் பெக்கம் தம்பதி இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, சிலந்திகளின் மனோசக்தி பற்றி 1887ல் எழுதினார்கள். முதலில் விழுந்த சிலந்தி போகப்போக விழுவதை நிறுத்திவிட்டது. ஓசை அதேதான், கால்களும் அவைதான். சிலந்தி மட்டும் பழையதாக இல்லை.

எத்தனை முறை அடித்தாலும் கடிகாரத்துக்குத் தன் மணியோசை பழகிப்போவதில்லை. பழக்கம் பிரக்ஞைக்கு நிரூபணமாகாது என்பது உண்மை. மிக எளிய உயிர்களிலும் அது உண்டு. எனினும் நேற்று நடந்தது இன்றைய அசைவை மாற்றுகிறதென்றால் அந்த உயிருக்கு ஒரு கடந்தகாலம் இருக்கிறது. பிரக்ஞை பற்றிய கேள்வியை அங்கிருந்துதான் கேட்கத் தொடங்க முடியும். 2022ல் ஜெர்மனியில், தாவும் சிலந்திக் குஞ்சுகள் இரவில் உறங்கும்போது அவற்றின் விழித்திரைகள் விட்டுவிட்டு அசைவதைப் படம்பிடித்தார்கள். அவை கனவு காண்கின்றனவா என்று கேட்டார்களே தவிர, தீர்ப்புச் சொல்லவில்லை.

சிலந்தி வளர்க்கிறவன் அது தன்னிடம் வருவதையே அத்தாட்சியாகக் கேட்கிறான். பசி போதும், அது வரும். பயந்து விழுந்துகொண்டிருந்தது ஒரு நாள் விழாமல் இருப்பதைப் பார்க்க வேறு பொறுமை வேண்டும். அதில் அவனுக்கென்று எதுவும் கிடைக்காது.